ஏழாம் குழிச் சரிவில் பெரிய டீச்சர்

நான் முன்பு வேலை பார்த்த கோல்ஃப் கிளப்பில் போன மாதம் புது எந்திரம் ஒன்று வந்து இறங்கியது. பார்க்கப் பெரிய பலகை, அவ்வளவுதான். பொத்தானை அமுக்கினால் முன்னால் சாயும், பின்னால் சாயும், பக்கவாட்டிலும் சாயும். அதில் ஏறி நின்று பந்தை அடித்துப் பழகினால் மேட்டிலும் பள்ளத்திலும் தடுமாறாமல் ஆடலாமாம். இப்போதைய பயிற்சியாளர் பையன்கள் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், நீங்கதான் மொத ஆளா ஏறணும்" என்றார்கள். ஏறினேன். பலகை சாய்ந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஈப்போவைச் சுற்றி இருக்கிற மலையெல்லாம் போதாதென்று கரண்டைச் செலவழித்துச் சரிவு செய்கிறார்கள்! எங்கள் காலத்தில் பாய் விரிக்கிற அளவுக்குச் சமதரை கிடைக்குமா என்றுதான் தேடி அலைந்தோம்.

"அப்ப நீங்கள்லாம் எப்படி அங்கிள் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று ஒருவன் கேட்டான். நானும் ஆசையாக ஆரம்பித்தேன். பாதியில் அவன் கைப்பேசி அடித்தது, "ஒரு நிமிசம் அங்கிள்" என்று போனவன் போனவன்தான். அவனிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள்.

என் பெயர் முத்து. கிந்தா மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவன். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி சரோஜாவின் அண்ணன் ஈப்போ பக்கத்தில் சிலிபினில் இருந்தார். மூட்டை முடிச்சோடும் இரண்டு பிள்ளைகளோடும் மச்சான் வீட்டு ஹாலில் போய் இறங்கினோம். மச்சான் நான் சொன்ன அந்தக் கிளப்பில் புல் வெட்டும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் என்னைக் கேடி வேலைக்குச் சேர்த்துவிட்டார். கேடி என்றால் ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கிற ஆள். பால் வாளி தூக்கிய தோளுக்கு அது ஒரு பாரமே இல்லை.

திங்கட்கிழமைகளில் மட்டும் கேடிகள் ஆடலாம் என்று அங்கே ஒரு வழக்கம். ஓட்டை மட்டைகளை இரவல் வாங்கி ஆடுவோம். அப்படி ஆடி ஆடி, இரண்டே வருடத்தில் பாதி மெம்பர்களைவிட நன்றாகவே ஆடத் தொடங்கிவிட்டேன். பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, பெருமை அடிக்காமல் வேறு என்ன செய்வது?

அந்த மைதானம் பாதி பழைய ஈயச் சுரங்கம், பாதி பழைய ரப்பர் மலை. தட்டையாக இருக்கிற இடத்தில் குளம் இருக்கும். குளம் இல்லாத இடத்தில் சரிவு இருக்கும். ஏழாம் குழியில் இரண்டும் இருந்தன. முதல் அடியில் பந்து மலைச்சரிவில் போய் உட்காரும். அங்கிருந்து இறக்கத்தில் அடித்து, கீழே இருக்கிற குளத்தைத் தாண்டி, அக்கரையில் குழி இருக்கிற கிரீன் புல்தரையில் பந்தைப் போட வேண்டும். எத்தனை பெரிய மனிதர்கள் அந்தக் குளத்தைப் பார்த்துத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் திட்டியிருக்கிறார்கள் தெரியுமா? குளம் மட்டும் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்தியது.

கிளப்பின் கோச் வேலாயுதம். பாகான் செராய்க்காரர். வயல்காட்டில் பிறந்த மனிதர், அவர் ஊரில் மேடு என்றால் வரப்புதான். அவர்தான் எங்களுக்குச் சரிவு சொல்லித் தந்தார், பாருங்கள் கூத்தை! வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் கருப்புக் குடை. அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்: "இன்னொன்னு." பந்து வானத்தில் பறந்தாலும் "இன்னொன்னு". பந்து இருந்த இடத்திலேயே இருந்தாலும் "இன்னொன்னு". ஒரு தடவை ஒரு டாக்டர், பந்து காலுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்ததால் முழங்காலை மடக்கிக் குனிந்து அடிக்கப் போனார். கால்சட்டை பின்னால் 'டர்' என்று கிழிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். கோச் தம் குடையை விரித்து டாக்டரின் பின்னால் பிடித்துக்கொண்டு, "இன்னொன்னு" என்றார்.

யாராவது நிஜமாகவே நன்றாக அடித்துவிட்டால், அவர் அண்ணாந்து பார்த்து, "மழை வரும் போல" என்பார். அதைக் கேட்பதற்காக ஆட்கள் வருடக் கணக்கில் காத்திருந்தார்கள்.

அவர் முறை இப்போதும் எனக்கு மனப்பாடம். சரிவுக்குப் போனதும் மட்டையைத் தொட விடமாட்டார். கண்ணை மூடி நிற்கச் சொல்வார். எந்தக் காலில் பாரம் விழுகிறது என்று கேட்பார். பிறகு ஒரு மட்டையை எடுத்து இரண்டு தோள்களுக்கும் குறுக்கே பிடிக்கச் சொல்வார். தரை எப்படிச் சாய்கிறதோ அப்படியே அந்த மட்டையும் சாய வேண்டும். இறக்கம் என்றால் முன்தோள் இறங்க வேண்டும், பாரம் முன்காலில் போக வேண்டும், பந்து மேட்டில் இருக்கிற பின்காலை ஒட்டி இருக்க வேண்டும். அடித்த பிறகும் மட்டை தரையை ஒட்டியே இறக்கத்தில் போக வேண்டும். ஏற்றம் என்றால் இதெல்லாம் தலைகீழ். பந்து காலைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம் போகும், அதற்குத் தகுந்த மாதிரி குறியை மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் அவர் குடை நுனியால் தொட்டுக் காட்டியே சொல்லிவிடுவார்.

இப்படி ஊருக்கெல்லாம் சரிவில் நிற்கச் சொல்லிக் கொடுத்த மனிதர், கிளப்பின் கழிவறை வாசலில், சுத்தமான சமதரையில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அவருக்கு உதவியாளர் ஒருவர் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. கோச் என் பெயரைச் சொன்னார். அந்த வேலையோடு கிளப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வீடும் உண்டு.

வீடு! இரண்டு வருடமாக மச்சான் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறோம். மச்சான் மனைவி கமலா அக்கா நல்ல மனுசிதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் எங்களிடம் நேராக எதையும் சொல்லமாட்டார். பூனையிடம் சொல்வார். "ஏ பூனை, ஒனக்காச்சும் ஒரு மூலை போதுது. எனக்குத்தான் என் வீட்டுலயே நடக்க எடமில்ல லா." பூனை பாவம், எழுந்து வெளியே போகும். நாங்கள் எங்கே போவது? சரோஜா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். வீட்டு விஷயத்தைச் சொன்னபோது மட்டும் என் முகத்தைப் பார்த்து, "தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டிய நம்ம அடுப்புல வைக்கலாமாங்க?" என்று கேட்டாள். "வைக்கலாம்" என்றேன்.

கமிட்டிக் கூட்டத்தில்தான் பெரிய டீச்சர் குறுக்கே விழுந்தார். ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிளப்பில் பெண்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவி. நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

"நல்லா ஆடுறவர் எல்லாரும் நல்லாப் படிப்பிப்பினம் எண்டு ஆர் சொன்னது? என்னால ஏழாம் குழியில ஒரு நாளும் குளத்தைத் தாண்ட ஏலேல்லை. அவர் என்னைப் படிப்பிச்சுக் காட்டட்டும். தாண்டினா நானே கைதூக்கிறன்."

கமிட்டித் தலைவர் ஹாஷிம், யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். உடனே, "பாகுஸ், பாகுஸ், நல்ல யோசனை" என்று மேசையைத் தட்டிவிட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம் சோதனை. அதுவரை கோச் வேலாயுதம் எனக்கு எதுவும் சொல்லித் தரக் கூடாது. "இன்னொன்னு" என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

டீச்சர் வெள்ளைச் சப்பாத்தும் கணுக்கால் வரை பாவாடையும் நாடா கட்டிய தொப்பியுமாக வந்தார். சரிவில் கொடிக்கம்பம் மாதிரி நின்றார். மலை சாய்ந்திருக்கிறது, டீச்சர் சாயவில்லை.

"டீச்சர், தோள இறக்கத்துப் பக்கம் கொஞ்சம் சாய்க்கணும்."

"முப்பது வருசமாப் பிள்ளையளை நேரா நில்லுங்கோ எண்டு அதட்டினனான். இப்ப நானே கோணி நிக்கிறதோ?"

"மலை கோணலா இருக்கே டீச்சர்."

"அப்ப மலையைத் திருத்தும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் தோளைத் தொட்டுத் திருத்தவும் முடியாது, தலைமை ஆசிரியை அல்லவா? கோச்சின் குடையை இரவல் வாங்கி, தூர நின்று நுனியால் காட்டினேன். வாரக் கணக்கில் போராடி அவரைக் கொஞ்சம் அசைத்தேன். "இப்படி டீச்சர், இன்னும் கொஞ்சம், ஆங், இதான் சரி" என்பேன். அவர் அடிப்பார். மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தும். இல்லாவிட்டால் பந்தின் மண்டையில் தட்டும், அது தத்தித் தத்திக் குளத்துக்குள் போகும். மரத்தடியில் முழங்கால் கட்டோடு நாற்காலியில் இருக்கிற கோச், "இன்னொன்னு" என்பார். நான் அவரைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கண்ணைக் காட்டுவேன். அவர் குளத்தைப் பார்ப்பார்.

ஒரு நாள் டீச்சர் பொறுமை இழந்தார். "முத்து, நீர் ஒருக்கா அடிச்சுக் காட்டும் பாப்பம்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஏழாம் குழியில் அந்தச் சரிவிலிருந்து அடித்ததே கிடையாது. ரப்பர் மரம் நட மலையில் வெட்டிய பழைய படிக்கட்டுகள் புல்லுக்கு அடியில் அப்படியே இருந்தன. என் முதல் பந்தை வேண்டுமென்றே குட்டையாக அடித்து, அதில் ஒரு தட்டையான படியில் நிறுத்திக்கொள்வேன். அதை என் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டீச்சர் எதிரில் இறக்கத்திலேயே நின்று அடித்தேன். பந்து குளத்தில். சிரித்துச் சமாளித்து அடுத்ததை அடித்தேன். மண் பறந்தது. அதற்கடுத்ததும் குளத்துக்கே போனது. கோச் "இன்னொன்னு" என்று சொல்லக்கூட இல்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"முத்து, உமக்குப் பின்னால என்ன மரம் நிக்குது?"

"மரமா? ஒன்னுமில்லயே டீச்சர்."

"பின்ன ஏன் காணும், மரத்தில சாயிற மாதிரி நிக்கிறீர்?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மலைக்காட்டில் பால் வெட்டுகிறவன் எப்போதும் மலைப்பக்கம்தான் சாய்ந்து நிற்பான். இறக்கத்துப் பக்கம் சாய்ந்தால் மரம் கீறுகிற உளியோடும் வாளியோடும் உருண்டு போக வேண்டியதுதான். பத்து வயதிலிருந்து அப்படி நின்ற உடம்பு. நான் நேராக நிற்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் மலைப்பக்கம் சாய்ந்தே நின்றிருக்கிறேன். என் கண்ணுக்கும் அதுதான் சரியாகப் பட்டிருக்கிறது. வாயால் இறக்கத்துப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே, நேராக நின்ற டீச்சரைக் கஷ்டப்பட்டுப் பின்பக்கம் சாய்த்துவிட்டது நான்தான். எங்கள் தோட்டத்து ஆட்கள் பஸ் இறக்கத்தில் போனால்கூடப் பின்னால் சாய்ந்துகொள்வோம், சத்தியமாகச் சொல்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. "மட்டையைத் தோளில வையும்" என்றார். வைத்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையைச் சரிபார்க்கிற அதே கண்ணோடு பக்கவாட்டில் போய் நின்றார்.

"முன்னுக்கு. இன்னும் முன்னுக்கு."

"விழுந்துருவேன் டீச்சர்!"

"விழமாட்டீர். விழுந்தா நான் தூக்கவுமாட்டன். இன்னும் முன்னுக்கு."

குப்புற விழப்போகிறேன் என்று நினைத்த இடத்தில், "சரி, அதுதான்" என்றார். அடித்தேன். பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு குளத்தைத் தாண்டி, அக்கரையில் விழுந்து உருண்டு கிரீனில் ஏறியது. மரத்தடியில் கோச் அண்ணாந்து பார்த்தார். "மழை வரும் போல" என்றார். அந்த வயதில், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

அடுத்து டீச்சர். இப்போது ஒழுங்காகச் சாய்ந்து நின்றார். ஆனால் மட்டை பந்தைத் தொடுகிற அந்த நொடியில் முப்பது வருடப் பழக்கம் வந்து அவரை நிமிர்த்திவிடும். எத்தனை சொல்லியும் நடக்கவில்லை. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பால் வெட்டும்போது மரத்தில் கோடு போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தால் அன்றைய மர வரிசை, எங்கள் பேச்சில் நிரை, முடியாது. உளியை எடுக்கிறபோதே கால் அடுத்த மரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

"டீச்சர், அடிச்ச ஒடனே நிக்காதீங்க. பின்கால எடுத்து எறக்கத்துல ஒரு எட்டு வச்சிருங்க. கீழ ஒரு பிள்ளை ஓடுதுன்னு நெனச்சுக்குங்க. பிடிக்கப் போறீங்க."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. அடித்தார், பந்து குளத்தின் அக்கரை விளிம்பில் போய் விழுந்தது. ஆனால் ஓர் எட்டு வைக்கச் சொன்னால், "ஏய், நில்!" என்று கத்திக்கொண்டு கடகடவென்று இறங்கிப் பாதிச் சரிவில்தான் நின்றார்.

அன்றைக்குப் பை தூக்கிக்கொண்டு திரும்பும்போது கேட்டார். "இந்த வேலை உமக்கு ஏன் இவ்வளவு தேவை?"

"வீடு டீச்சர்" என்றேன். ஹாலையும் பாயையும் பூனையையும் பற்றிச் சொன்னேன். டீச்சர் தொப்பி நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா நான் பொய் மார்க் போடமாட்டன். விளங்குதோ?"

"விளங்குது டீச்சர்."

சோதனை நாள் வந்தது. சரோஜா அதற்குள் முறுக்குக்கு மாவு அரைத்து வைத்துவிட்டாள். யார் வீட்டு அடுப்பில் சுடுவது என்பது என் கையில்கூட இல்லை, டீச்சரின் தோளில் இருந்தது. ஹாஷிமும் கமிட்டிக்காரர்களும் சரிவின் மேலே நின்றார்கள். கேடிகள் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு அங்கேயே சுற்றினார்கள். மூன்று பந்து, அதில் ஒன்றாவது தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "முத்து, நெஞ்சு படபடக்குது. நான் சோதினை வைச்சுத்தான் பழகினனான், எழுதி எவ்வளவோ காலம்."

முதல் பந்து. நிமிர்ந்துவிட்டார். குளம். இரண்டாவது பந்து. நின்றது சரி, சாய்ந்தது சரி, ஆனால் பயத்தில் கால் நகரவில்லை. மண்ணைக் கொத்தியது. பந்து நாலு முழம் போய் நின்றது. மேலே யாரோ 'ச்சு' கொட்டினார்கள். கமலா அக்கா பூனையிடம் இன்று என்ன சொல்வார் என்பதுவரை யோசனை போய்விட்டது.

"இன்னொன்னு" என்றார் கோச்.

டீச்சர் என்னைப் பார்த்தார். முறையெல்லாம் அவருக்குத் தெரியும். இனிமேல் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. "டீச்சர், அந்தப் பையன் கொளத்துப் பக்கம் ஓடுறான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. தோள் இறங்கியது. மட்டை பந்தை எடுத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து தண்ணீருக்கு மேல் தாழ்வாகப் போனது. அது போய் விழுவதை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் டீச்சர் கிளம்பிவிட்டார். ஓர் எட்டு, இரண்டு எட்டு, பிறகு அவராலேயே நிற்க முடியவில்லை. "ஐயோ டீச்சர்!" என்று நான் பின்னால் ஓடினேன். பாவாடையை ஒரு கையிலும் மட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, பிடிபடாத அந்தப் பையனைத் துரத்தியபடி நேராகக் குளத்துக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்.

டீச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே திரும்பினார்.

"சேர்மன், பந்து எங்க?"

"கிரீன்ல இருக்கு, டீச்சர்" என்றார் ஹாஷிம், பயந்த குரலில்.

"அப்ப இவருக்கு வேலையைக் குடுங்கோ" என்று தண்ணீரில் நின்றபடியே கையைத் தூக்கினார். "அடிக்கிறது எப்பிடி எண்டு படிப்பிச்சிட்டார். நிப்பாட்டுறது எப்பிடி எண்டு இனித்தான் படிப்பிக்கவேணும். அதுக்கும் ஆள் தேவைதானே?"

தீபாவளிக்கு இரண்டு நாளுக்கு முன்னால் குடி போனோம். மச்சான் கிளப் லாரியைக் கேட்டு வாங்கி வந்தார். கமலா அக்கா எண்ணெய்ச் சட்டியை யாரிடமும் கொடுக்காமல் தாமே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறக்கி வைத்துவிட்டுச் சரோஜாவைக் கட்டிக்கொண்டு, "இனிமே நான் யாருகிட்டடி பேசுவேன்? அந்தப் பூனைகிட்டயா?" என்று அழுதார். சரோஜாவும் அழுதாள். இவர்கள் இருவருக்கும் இவ்வளவு பாசம் எங்கே ஒளிந்திருந்தது என்று மச்சானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மச்சானையும் அக்காவையும் லாரி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, என் பிள்ளைகளோடு திரும்பி வந்தேன். பிள்ளைகள் வெளியே புல்லில் உருண்டுகொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு திறக்கிற சத்தம். மறுபடியும் போடுகிற சத்தம்.

கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"என்னா சரோஜா, வெளாட்டா?"

கதவுக்கு அந்தப் பக்கம், பலகையை ஒட்டி நின்றுகொண்டு சொன்னாள். "ரெண்டு வருசமா நான் ஒரு கதவையும் சாத்துனதில்லீங்க. செத்த அங்கயே நில்லுங்க. திருப்பித் தெறந்து சாத்திப் பார்த்துக்கிறேன்."

"நல்லா சாத்திக்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றேன்.